வெள்ளைக் கோட்டுக்கு நன்றிப் பூசை

போன கிழமைக் கதையில் மரியரட்ணத்தைக் கிணற்றடியில் விட்டுவிட்டு வந்தோம். கையில் சவர்க்காரம். வாளிக்குள் ஒரு வெள்ளைக் கோட்டு. தோய்த்துக்கொண்டே அழுதாளா என்று கேட்டவர்களுக்குச் சொல்கிறேன், அவள் அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டும். அந்த ஓய்வைக் கொம்பனி அவளுக்கு எப்போது கொடுத்தது?

கொம்பனி என்று நாம் சொல்வது குருநகர்க் கரையோரம் நிற்கிற அந்த இறால் கொம்பனியை. கொழும்பில் தலைமை அலுவலகம், யப்பானுக்கு ஏற்றுமதி, வாசலில் காவற்காரன், எல்லாம் பெரிய எடுப்பு. மரியரட்ணம் கலியாணத்துக்கு முன்பே அங்கே இறால் உரிக்கப் போனவள். இப்போது மண்டபம் முழுவதும் அவள் தலையில்தான் ஓடுகிறது. ஐஸ் மெசின் நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், பெட்டையள் இரண்டு பேர் சண்டை பிடித்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பதவி மட்டும் அவளைக் கூப்பிடவில்லை.

"தை பிறக்கட்டும், மரியரட்ணம். வெள்ளைக் கோட்டு உமக்குத்தான்" என்று நத்தார்ப் பண்டிகைக்கு முதல்நாள் மனேச்சர் தியாகலிங்கம் சொன்னார். வெள்ளைக் கோட்டு என்றால் சுப்பவைசர் பதவி. தை பிறந்தது. கோட்டும் கொழும்பிலிருந்து வந்தது. அதைப் போடுவதற்குக் குணலட்சுமி என்றொரு இளம்பெண்ணையும் தலைமை அலுவலகம் அனுப்பிவைத்தது. போன ஆடிக் கலவரத்தில் கொழும்பில் வீடு எரிந்து, உடுத்த உடுப்போடு கப்பலேறி வந்து, உரும்பிராயில் பெரியப்பா வீட்டில் ஒதுங்கியிருக்கிற பிள்ளை. அவளைக் கோபிக்கவும் மரியரட்ணத்துக்கு மனம் வரவில்லை. "உமக்கு எல்லாம் தெரியும்தானே, பிள்ளைக்குப் பழக்கிவிடும்" என்றார் மனேச்சர். பழக்கிவிட்டாள்.

சனிக்கிழமை வேலை முடிகிற நேரம் அவர் அந்தக் கோட்டைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார். களஞ்சியத்தில் கிடந்து பூஞ்சணம் பிடித்திருந்தது. "திங்கட்கிழமை கொழும்பிலையிருந்து பெரியவர் வாறார். பிள்ளைக்கு இதைத் தோய்ச்சு மினுக்கிக்கொண்டு வாரும்" என்றார். இவ்வளவையும் மரியரட்ணம் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. புருசன் பிலிப்புக்குக்கூட.

அங்கேதான் வந்தது வினை.

ஞாயிறு காலை. கோயிலில் சனம் நிறைந்திருந்தது. மரியரட்ணம் பெண்கள் பக்கத்தில் மகள் ஸ்ரெல்லாவோடு இருந்தாள். தலையில் முக்காடு, கையில் செபமாலை. குணலட்சுமி வந்த நாளிலிருந்து அவளுக்கு வாயில் வைத்த சோறு இறங்குவதில்லை. நாளைக்கு வேலை என்று நினைத்தாலே கால் கனக்கிறது.

சுவாமியார் பூசை தொடங்குமுன் கையிலிருந்த கடதாசித் துண்டைப் பார்த்து வாசித்தார்.

"இன்றைய திருப்பலி, கொம்பனியில் சுப்பவைசராகப் பதவி உயர்வு பெற்ற மரியரட்ணத்துக்காக, அவருடைய கணவர் பிலிப்பு நன்றியாக ஒப்புக்கொடுக்கும் திருப்பலி."

மரியரட்ணத்துக்குக் காது அடைத்துப்போயிற்று. முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின. பக்கத்தில் இருந்த ஒருத்தி தொடையில் தட்டி, "கள்ளி, வாய் திறக்கேல்லையே!" என்று கிசுகிசுத்தாள். மரியரட்ணம் ஆண்கள் பக்கம் பார்த்தாள். பிலிப்பு வெளுத்த சேட்டுப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கலியாணத்தன்றுகூட அந்த மனிசன் இப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

நடந்தது இதுதான். முதல்நாள் பின்னேரம் கரையிலிருந்து வந்த பிலிப்பு, கொடியில் வெள்ளைக் கோட்டு காய்வதைக் கண்டார். நத்தாருக்கு மனேச்சர் சொன்ன சொல் அவருக்கு நினைவிருந்தது. மனிசி ஏன் சொல்லவில்லை என்று யோசிக்கவில்லை. கூச்சப்படுகிறாள் என்று தானே முடிவுகட்டிக்கொண்டார். நேரே கோயில் மூப்பரிடம் போய்ப் பூசைக்கருத்துக் கொடுத்துவிட்டு, வழியில் கண்டவர்களுக்கெல்லாம் கூழ் குடிக்க வரச்சொல்லிவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவர் போலப் படுத்துக்கொண்டார். கடவுளுக்குச் சொல்லிவிட்டார், ஊருக்குச் சொல்லிவிட்டார். பெண்சாதியிடம்தான் கேட்கவில்லை.

நற்கருணை வாங்க எழும்பிப் போனவர்களோடு மரியரட்ணம் போகவில்லை. பொய்க்குச் சொன்ன நன்றியை நாக்கில் வாங்குகிற மாதிரி அவளுக்கு இருந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்குக் கை பிடித்தார்கள். பிலிப்பின் தமக்கை செபஸ்தியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மரியரட்ணத்தின் இரண்டு கன்னத்தையும் தடவி நெட்டி முறித்தாள்.

"எங்கடை குடும்பத்திலை முதல் உத்தியோகக்காரி நீதான் மச்சாள். நான் உன்னைப் பெருமையாச் சொல்லி ஊரெல்லாம் சண்டை பிடிப்பன்."

"மச்சாள், நான் உங்களோடை ஒரு கதை கதைக்கவேணும்."

"கூழ் குடிச்சுப்போட்டுக் கதைப்பம். எனக்கு இப்ப காது கேக்காது, அவ்வளவு சந்தோசம்."

பிலிப்பு ஒரு ஓரமாக நின்று சிரித்தார். மரியரட்ணம் கிட்டப் போனாள்.

"இஞ்சாருங்கோ, என்ன வேலை பாத்தனீங்கள்?"

"ஏன், பிழையோ?"

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டால் நீ வேண்டாமெண்டுவாய். உன்னை எனக்குத் தெரியாதோ, ரட்ணம்?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? கடலில் நேவிக்காரனின் கெடுபிடி கூடிய நாளிலிருந்து பிலிப்பு கரையோரக் களங்கடலோடு நின்றுவிடுகிறார். கொண்டுவருவது கறிக்குக் காணும், வீட்டுச் செலவுக்குக் காணாது. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது என்பது இருவருக்கும் தெரியும். இருவரும் அதைச் சொல்லிக்கொள்வதில்லை. கனநாளைக்குப் பிறகு அந்த மனிசனின் முகம் விரிந்திருக்கிறது. அதைத் தன் வாயால் சுருக்க வேண்டுமா?

வீட்டுக்குப் போய்ச் சொல்வோம் என்று நினைத்தாள்.

வீட்டுக்குப் போனால் முற்றத்தில் கூழ்ப்பானை ஏறிவிட்டது. ஒடியல் மாவைக் கரைத்து வைத்தாயிற்று. நண்டு உடைத்தாயிற்று. மரவள்ளி, பயத்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் பானைக்குள் கொதிக்கின்றன. பிலிப்பு ஒரு குவியல் இறாலை முன்னால் போட்டுக்கொண்டு தானே உரிக்கிறார். ஒரு இறாலுக்கு ஒரு செபம் சொல்லி முடிக்கலாம் போல அவ்வளவு மெதுவாக.

மரியரட்ணம் பக்கத்தில் குந்திக் கை நீட்டினாள். அவர் தட்டிவிட்டார்.

"எழும்பு. இண்டைக்கு நீ இறாலைத் தொடக்கூடாது. சுப்பவைசர் இறால் உரிக்கிறதோ?"

அவள் எழும்பிக் கொடியடிக்குப் போனாள். அங்கே ஸ்ரெல்லா நின்றாள். கோட்டின் தோள்மூட்டு இரண்டையும் சாண் வைத்து அளந்துகொண்டு நின்றாள்.

"அம்மா, இது உங்களுக்குக் காணாது."

"பேசாமல் போ பிள்ளை."

"கையும் குட்டை. இது ஆரோ மெல்லிசான ஆளுக்குத் தைச்சது."

தாய் மகளைப் பார்த்தாள். மகள் தாயைப் பார்த்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அப்பாவுக்குத் தெரியாதோ?" என்று மெல்லக் கேட்டாள். தாயின் முகத்தைப் பார்த்ததும் அதையும் விழுங்கிக்கொண்டு, போய்க் கூழ் குடிக்கும் பிளாக் கட்டப் பனையோலை எடுத்தாள்.

சனம் வந்து நிறைந்தது. பனையோலைப் பிளாக்கள் அடுக்கியாயிற்று. யாருக்காகக் கூழ் காய்ச்சுகிறார்களோ அவருக்குத்தான் முதல் பிளா. அது அந்த வீட்டுப் பழக்கம். பிலிப்பு அகப்பையால் நண்டுக்கால் வெளியே தெரிய ஊற்றி, இரண்டு கையாலும் மரியரட்ணத்திடம் நீட்டினார். அவள் வாங்கினாள். ஓலை சுட்டது.

அந்த நேரம் படலையில் ஒரு சைக்கிள் மணி அடித்தது.

குணலட்சுமி. உரும்பிராயிலிருந்து வெயிலுக்குள் மிதித்து வந்த களைப்பு முகத்தில். முற்றம் நிறைய ஆட்களைக் கண்டு சைக்கிளைப் பிடித்தபடியே தயங்கி நின்றாள்.

"வாங்கோ பிள்ளை, வாங்கோ! கொம்பனிப் பிள்ளையோ?" பிலிப்பு அகப்பையோடு ஓடினார். "உங்கடை சுப்பவைசரைப் பாக்கத்தானே வந்தனீங்கள்? நல்ல நேரம் வந்திருக்கிறியள். அவவுக்குப் பதவி கிடைச்சதுக்குத்தான் இந்தக் கூழ்."

குணலட்சுமியின் கண் ஒருதரம் கொடியில் கிடந்த கோட்டுக்குப் போயிற்று. பிறகு மரியரட்ணத்துக்கு வந்தது. அந்தப் பார்வையிலேயே எல்லாம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

"ஓம் அண்ணை" என்றாள் மெதுவாக. "அக்காவிட்டைத்தான் வந்தனான். வாழ்த்துச் சொல்ல."

அந்தப் பொய்யில் இருந்த இரக்கத்தைத்தான் மரியரட்ணத்தால் தாங்க முடியவில்லை. மனேச்சர் மறந்ததைத் தாங்கினாள். பூஞ்சணக் கோட்டைத் தாங்கினாள். வீடு வாசல் இழந்து வந்த ஒரு பிள்ளை, தன்னுடைய சொந்தப் பதவியை மரியரட்ணத்துக்காக மறைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. கையிலிருந்த பிளாவோடு நேரே போய், அதைக் குணலட்சுமியின் கையில் வைத்தாள்.

"முதல் பிளா உமக்குத்தான் பிள்ளை. சுப்பவைசர் நீர்தானே."

முற்றத்திலிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது இந்தப் பிள்ளையின்ரை கோட்டு" என்றாள் மரியரட்ணம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "எனக்குப் பதவி ஒண்டும் கிடைக்கேல்லை. தோய்ச்சுக் குடுக்கச் சொல்லி மனேச்சர் தந்துவிட்டவர். எங்கடை மனிசன் கொடியிலை கண்டுபோட்டுச் சந்தோசத்திலை பூசை வைச்சிட்டார். அவரிலை பிழையில்லை. நான்தான் சொல்லேல்லை."

குணலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. "அக்கா, மனேச்சர் உங்களிட்டைத் தோய்க்கக் குடுத்தவர் எண்டு நேற்றுப் பின்னேரம்தான் காவற்காரர் சொன்னவர். என்ரை உடுப்பை நீங்கள் தோய்க்கிறதோ? அதுதான் வாங்கிக்கொண்டு போவம் எண்டு வந்தனான்" என்றாள்.

பிலிப்பு அகப்பையைப் பானையில் வைத்தார். படலையைத் திறந்துகொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தார்.

செபஸ்தியம்மா நல்ல மனிசி. குணலட்சுமியின் தோளைப் பிடித்து மர வாங்கில் இருத்தினாள். "நீர் மீன் மச்சம் சாப்பிடுவீரோ பிள்ளை? சாப்பிட்டால் குடியும், ஆறுது. மற்றவையும் குடியுங்கோ. என்ன எல்லாரும் செத்தவீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறியள்?" என்று அதட்டினாள். அந்த அதட்டலில் முற்றம் மறுபடி மூச்சு விட்டது. மரியரட்ணம் புருசனைத் தேடிப் போனாள்.

கவிழ்த்து வைத்த வள்ளத்தின் மேல் பிலிப்பு இருந்தார். அவளும் பக்கத்தில் போய் இருந்தாள்.

"கோவமோ?"

"எனக்கென்ன கோவம்."

"சனத்துக்கு முன்னாலை உங்களைத் தலைகுனிய வைச்சிட்டன்."

"சனம் கிடக்கட்டும். நாளைக்கு வேறை கதை கதைக்கும்." பிலிப்பு அவள் பக்கம் திரும்பினார். "இவ்வளவு நாளா இதை நெஞ்சுக்குள்ளை வைச்சுக்கொண்டு என்னோடை ஒரே வீட்டிலை திரிஞ்சிருக்கிறாய். சோறு தின்னேல்லை எண்டு கண்டனான். வேலையிலை திண்டுபோட்டு வாறாயாக்கும் எண்டு நினைச்சன். நான் ஒரு விசரன்."

"உங்களுக்குச் சொன்னால் நீங்கள் நொந்துபோவியள் எண்டுதான்."

"சொல்லாமல் விட்டதுக்குத்தான் நொந்துபோனன்."

அவர் அவள் கையை எடுத்து மடியில் வைத்தார். விரல் நுனிகள் ஐஸில் வெடித்துக் கிடந்தன. இறால் முள்ளுக் குத்திய இடங்கள் கறுத்திருந்தன. ஒரு நகம் பாதி இல்லை. பிலிப்பு அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் கோட்டைத்தான் பாத்தன் ரட்ணம்" என்றார். "இந்தக் கையைப் பாக்கேல்லை."

அப்போதுதான் மரியரட்ணம் அழுதாள். கிணற்றடியில் வராத அழுகை, மனேச்சருக்கு முன்னால் வராத அழுகை, எல்லாம் சேர்ந்து வந்தது. பிலிப்பு தடுக்கவில்லை. சேட்டுத் தோள் நனைய விட்டுக்கொண்டு இருந்தார்.

"எனக்குக் கோட்டுப் பெரிசில்லை" என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அந்தப் பிள்ளைக்கும் ஒரு வேலை வேணும்தானே. ஆனால் மனேச்சர் ஒருக்காலாவது என்னைக் கூப்பிட்டு, 'மரியரட்ணம், உமக்குச் சொன்னனான், நடக்கேல்லை, குறை நினையாதையும்' எண்டு சொல்லியிருக்கலாம். அதுக்குக்கூட நான் ஒரு ஆளாத் தெரியேல்லை. தோய்க்க மட்டும் ஆளாத் தெரிஞ்சிருக்கிறன்."

"விட்டுட்டு வாவன்."

"விட்டால்?"

பிலிப்பு அவள் கையை விடாமல் கடலைப் பார்த்தார்.

"விடுறதோ நிக்கிறதோ பேந்து பாப்பம்" என்றாள் மரியரட்ணம். "எதெண்டாலும் இனி வாய் மூடிக்கொண்டு செய்யமாட்டன்."

அவர்கள் வீட்டுக்குத் திரும்பியபோது வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். குணலட்சுமியும் போய்விட்டாள். ஆனால் கோட்டு அப்படியே கொடியில் கிடந்தது.

"கொண்டுபோகச் சொல்லித்தான் குடுத்தனான் அம்மா" என்றாள் ஸ்ரெல்லா. "வேண்டாமாம். 'அக்கா மனம் வைச்சுச் சொன்னால்தான் இனி அதைப் போடுவன், நாளைக்கு வெறும் உடுப்போடைதான் வருவன்' எண்டு சொல்லிப்போட்டுப் போறா."

மரியரட்ணம் அப்படியே திண்டாடிப் போனாள். நாளைக்குப் பெரியவர் வருகிறார். சுப்பவைசர் கோட்டில்லாமல் நின்றால் மனேச்சர் யாரைப் பிடிப்பார்? தோய்க்கக் கொடுத்தவளைத்தான் பிடிப்பார்.

"தா, நான் மினுக்கிறன்" என்றார் பிலிப்பு.

"உங்களுக்கு மினுக்கத் தெரியுமோ?"

"வலை பொத்துறவனுக்கு இது ஒரு வேலையோ?"

அந்த மனிசன் பிறந்த நாள்முதல் மினுக்குப் பெட்டியைத் தொட்டதில்லை. சிரட்டைக் கரியைத் தணலாக்கிப் பெட்டிக்குள் போட்டு, மேசையில் போர்வை விரித்து, தண்ணீர் தெளித்து, பெரிய எடுப்பில்தான் தொடங்கினார். காலர் வந்தது. கை வந்தது. முதுகுப் பக்கம் வந்தபோது அவருக்கு ஏதோ கேட்கத் தோன்றிவிட்டது.

"அந்தப் பெரியவர் எப்பிடி, நல்ல மனிசனோ ரட்ணம்?" என்று பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு திரும்பிக் கேட்டார்.

"அப்பா! மணக்குது!"

ஸ்ரெல்லா பாய்ந்து பெட்டியைத் தூக்கினாள். வெள்ளைக் கோட்டின் நடு முதுகில், மினுக்குப் பெட்டியின் அடி அச்சொட்டாகப் பதிந்திருந்தது, நல்ல மண்ணிறத்தில். மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிலிப்பின் முகம், கிளாசை உடைத்த சின்னப் பொடியனின் முகம் மாதிரி இருந்தது.

முதலில் ஸ்ரெல்லாவுக்குத்தான் வாய் துடித்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு மரியரட்ணம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேசையில் சாய்ந்து, கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தாள். தை பிறந்த பிறகு அந்த வீட்டில் அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. பிலிப்பு ஒன்றும் விளங்காமல் நின்று, பிறகு தானும் சேர்ந்துகொண்டார்.

"நாளைக்கு நான் போய் மனேச்சரிட்டைச் சொல்லுறன், நான்தான் எரிச்சனான் எண்டு" என்றார் சிரிப்பு அடங்கியதும்.

"நீங்கள் ஒரு இடமும் போகவேண்டாம்." மரியரட்ணம் கோட்டை எடுத்தாள். எரிந்த பக்கம் வெளியே தெரியும்படி மடித்துக் கதிரையில் வைத்தாள். "நானே கொண்டுபோறன். அவரின்ரை மேசையிலை இப்பிடியே வைப்பன். என்ன இது எண்டு கேப்பார்தானே? அவர் என்னட்டை ஒரு கேள்வி கேட்டுக் கனகாலம். கேக்கட்டும்."

"பெரியவரும் பக்கத்திலை இருந்தால்?" என்றாள் ஸ்ரெல்லா.

"இருந்தால் அவருக்கும் கேக்கும்."

"என்ன சொல்லப்போறியள் அம்மா?"

மரியரட்ணம் கொஞ்சம் யோசித்தாள். என்ன சொல்வது என்று அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. சொன்ன பிறகு வேலை இருக்குமா என்பதும் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். நாளைக்கு வேலை என்று நினைத்தும் இன்றைக்குக் கால் கனக்கவில்லை. வயிற்றுக்குள் ஏதோ கிள்ளியது. என்ன என்று ஒருகணம் அவளுக்கே பிடிபடவில்லை.

"இஞ்சாருங்கோ" என்றாள். "கூழ் மிச்சம் கிடக்கோ? எனக்குப் பசிக்குது."

பிலிப்பு குசினிக்குள் போனார். மூடி வைத்திருந்த சட்டியை எடுத்து வந்தார். செபஸ்தியம்மா எடுத்து வைத்துவிட்டுப் போனது அது, பெரிய நண்டுக்காலோடு. ஒரு புதுப் பிளாவில் ஊற்றி, மத்தியானம் நீட்டியது போலவே, இரண்டு கையாலும் நீட்டினார்.

மரியரட்ணம் வாங்கிக் குடித்தாள். கதிரையில் கோட்டு எரிந்த முதுகோடு இருந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, பிளாவை வழித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி நீட்டினாள்.